ஜிசிசியா, கிளாங்கா? காணாமல் போன ஒரு சோதனை

சேலம் அம்மாபேட்டையிலிருந்து ஒரு கல்லூரி மாணவரின் கேள்வி: "என் லினக்ஸில் ஜிசிசி, நண்பனின் மேக்கில் கிளாங். ஒரே சி நிரலுக்கு வேறு வேறு விடை வருகிறது. எந்தக் கம்பைலரை நம்புவது?"

நாம் எழுதும் நிரலைச் சிப்புக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றித் தருவதுதான் கம்பைலர். ஜிசிசி 1987-ல் ரிச்சர்ட் ஸ்டால்மன் வெளியிட்டது. கிளாங் 2007-ல் திறமூலமாக வந்தது. 2014-ல் ஃப்ரீபிஎஸ்டி 10 என்ற இயங்குதளம் கிளாங்குக்கு மாறியதில் ஜிசிசியின் உரிமம் பற்றிய சண்டைக்கும் பெரிய பங்கு உண்டு. மேக்கில் ஜிசிசி என்று தட்டினாலும் ஓடுவது கிளாங்தான்! சரி, விடை ஏன் மாறியது?

அவர் நிரலில் இப்படி ஒரு சோதனை இருந்தது: எக்ஸ் + 1 என்பது எக்ஸை விடச் சிறியதானால், எண் நிரம்பிவிட்டது, நிறுத்து. ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் பலமுறை ஏறி இறங்கிய என் பழைய ஸ்கூட்டரின் மீட்டர் 99999-ஐத் தாண்டியதும் 00000-க்குத் திரும்பியதே, அதே நினைப்புதான். 32 பிட் இன்ட்டில் (சி மொழியின் முழு எண் வகை) அடங்கும் மிகப்பெரிய எண்ணான 2147483647-உடன் ஒன்றைக் கூட்டினால் சிப்பில் -2147483648 வந்து நிற்கும். ஆனால் இன்ட் போன்ற குறியுள்ள (மைனஸும் ஆகக்கூடிய) எண் நிரம்பி வழிந்தால் என்ன ஆகும் என்று சி மொழியின் தரம் வரையறுக்கவே இல்லை. கம்பைலர் இதை எப்படி எடுத்துக்கொள்கிறது தெரியுமா? 'ஒழுங்கான நிரலில் எண் நிரம்பாது. நிரம்பாவிட்டால் எக்ஸ் + 1 ஒருநாளும் எக்ஸை விடச் சிறியதாகாது. அப்புறம் இந்தச் சோதனை எதற்கு?' என்று அந்த வரியையே தூக்கிவிடுகிறது. காவலுக்கு வைத்த நாயை, திருடனே வரமாட்டான் என்று சொல்லி அனுப்பிவிட்ட கதை. எத்தனை முறை பார்த்தாலும் இந்தத் தர்க்கத்தின் அழகு எனக்குச் சலிப்பதில்லை.

மாணவர் ஓ2 (நிரலை வேகமாக்கு என்று கம்பைலரிடம் சொல்லும் தெரிவு) கொடுத்துக் கம்பைல் செய்திருக்கிறார், நண்பர் கொடுக்கவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம். ஓ2 கொடுத்தால் கிளாங்கும் அந்த வரியை நீக்கும். 'ஓ2-வை எடுத்துவிடு, சரியாகிவிடும்' என்பது லேப்களில் சொல்லும் பரிகாரம். ஆயுத பூஜைக்கு மானிட்டரில் வைக்கும் குங்குமம் அளவுக்குத்தான் அதற்குப் பலன்.

கூட்டுவதற்கு முன்பே எக்ஸ், இன்ட்_மேக்ஸை, அதாவது இன்ட்டின் உச்ச எண்ணைத் தொட்டுவிட்டதா என்று பாருங்கள். அன்சைன்ட் (மைனஸ் ஆகாத) எண் என்றால் இந்தத் தொல்லை இல்லை, அது மீட்டர் போலச் சுற்றும் என்று தரமே சொல்கிறது. கம்பைலரைப் பொறுத்தவரை, இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். ஒன்று கண்டுகொள்ளாததை மற்றது எச்சரிக்கும். எஃப்சானிடைஸ் அன்டிஃபைன்ட் என்ற தெரிவு இரண்டிலும் உண்டு. அதைப் போட்டு ஓட்டினால் எண் நிரம்பும் வரியின் எண்ணையே திரையில் காட்டிவிடும்.