டிஸ்ட்ரிக்ட்: மாவட்டமா, தொகுதியா?

அமெரிக்கத் தேர்தல் பற்றிய மொழிபெயர்ப்புச் செய்திகளில் ‘காங்கிரஸ் மாவட்டம்’ என்ற தொடர் அவ்வப்போது கண்ணில் படுகிறது. அதைப் படிக்கும் தமிழர் என்ன நினைப்பார்? காங்கிரஸ் கட்சிக்குச் செல்வாக்குள்ள மாவட்டம் என்று நினைக்கலாம். ஆட்சியர் ஒருவரின் பொறுப்பில் உள்ள நிலப்பரப்பு என்றும் நினைக்கலாம். இரண்டுமே பிழை. மூலத்தில் சொல்லப்படுவது, அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபைக்கு ஓர் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் வாக்காளர் பகுதி. ஆட்சியரும் இல்லை, வருவாய்த் துறையும் இல்லை. நம் மாவட்டத்தோடு ஒப்பிடத்தக்க அமெரிக்க நிர்வாக அலகின் பெயர் கவுண்டி. ஒரு சொல் பிழையாக வந்து உட்கார்ந்ததால் ஒரு நாட்டின் தேர்தல் முறையே தவறாகப் புரிகிறது என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

டிஸ்ட்ரிக்ட் என்ற சொல் பிரெஞ்சு வழியாக 17-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. அதன் வேர் ‘டிஸ்ட்ரிங்கெரே’ என்ற லத்தீன் வினை. இறுக்கிப் பிடித்தல், தடுத்து வைத்தல் என்பது பொருள். கண்டிப்பைக் குறிக்கும் ‘ஸ்ட்ரிக்ட்’ என்ற சொல்லும் இதே குடும்பம். கடன் தீர்க்காதவனின் ஆட்டையோ மாட்டையோ கைப்பற்றி வைக்கும் அதிகாரம், அதாவது நாம் ஜப்தி என்று சொல்வது, இடைக்கால ஐரோப்பாவில் இந்த வினையாலேயே குறிக்கப்பட்டது. ஒரு பிரபுவின் பிடி எதுவரை செல்லுமோ அதுவரை உள்ள நிலம் ‘டிஸ்ட்ரிக்டஸ்’. ஆக, பிறப்பில் இது அதிகாரத்தின் எல்லையைச் சொன்ன சொல். அங்கே வாழும் மக்களுக்கு அதில் இடமே இல்லை.

அந்தப் பழைய பொருளுக்கு நம் ‘மாவட்டம்’ நன்றாகவே பொருந்துகிறது. தாலுகாவுக்கு வட்டம், வட்டங்கள் சேர்ந்த பெரிய அலகு மாவட்டம். அதற்கு முன்பு அரபி மூலத்திலிருந்து வந்த ‘ஜில்லா’ புழங்கியது. மூன்று சொல்லும் நிலத்தையும் நிர்வாகத்தையும் சொல்பவை. ஆனால் அமெரிக்கத் தேர்தலில் டிஸ்ட்ரிக்ட் தன் பழைய பொருளை விட்டு வெகுதூரம் வந்துவிட்டது. அங்கே அது நிலத்தின் அளவு அல்ல, தலைகளின் எண்ணிக்கை. இந்த மாற்றத்தை விளக்க, ஒருமுறை இறந்து மீண்டும் பிறந்த ஒரு தொகுதியின் கதையைச் சொல்வதே எளிது.

மொன்டானா 1889-இல் மாநிலமானது. தொடக்கத்தில் பிரதிநிதிகள் சபையில் அதற்கு ஓர் இடம்தான். முழு மாநிலமும் சேர்ந்து ஒருவரைத் தேர்ந்தெடுத்தது. 1913-இல் இரண்டாவது இடம் கிடைத்தது. அப்போதும் மாநிலத்தைப் பிரிக்காமல், இரண்டு பேரையும் எல்லா வாக்காளர்களும் சேர்ந்தே தேர்ந்தெடுத்தார்கள். அப்படி 1916-இல் வென்றவர்களில் ஒருவர் ஜெனட் ராங்கின், அமெரிக்க நாடாளுமன்றத்துக்குள் சென்ற முதல் பெண். 1917 ஏப்ரல் 6 அன்று முதல் உலகப் போரில் அமெரிக்கா இறங்குவதை எதிர்த்து வாக்களித்த 50 உறுப்பினர்களில் அவரும் இருந்தார். அதே ஆண்டில் மொன்டானா சட்டமன்றம் மாநிலத்தை மேற்கு, கிழக்கு என இரண்டாகப் பிரித்தது. மலையும் காடும் பியூட் நகரின் செப்புச் சுரங்கங்களும் உள்ள மேற்குப் பாதி 1-ஆம் தொகுதி. கோதுமை வயலும் மேய்ச்சல் நிலமுமாக விரியும் கிழக்குச் சமவெளி 2-ஆம் தொகுதி. குடியரசுக் கட்சிக்காரரான ராங்கினின் ஊர், ஜனநாயகக் கட்சி வலுவாக இருந்த மேற்கில் விழுந்தது. 1918-இல் அவர் அங்கே நிற்காமல் மேலவையான செனட்டுக்குப் போட்டியிட்டுத் தோற்றார். வரைபடத்தில் இழுத்த ஒரு கோடு ஒருவரின் அரசியல் வாழ்வை எப்படித் திருப்பிவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அந்தக் கோட்டுக்குள் இருந்தே அவர் திரும்பி வந்தார் என்பதுதான் இந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம். 1940-இல் அதே மேற்கு 1-ஆம் தொகுதியில் வென்றார். 1941 டிசம்பர் 8 அன்று ஜப்பான் மீது போர் அறிவிக்கும் தீர்மானம் 388-க்கு 1 என்று நிறைவேறியது. அந்த ஒரு வாக்கு அவருடையது. கொந்தளித்த கூட்டத்திலிருந்து தப்ப, காவலர்கள் வரும்வரை தொலைபேசிக் கூண்டுக்குள் நின்றிருந்தார். அடுத்த தேர்தலில் அவர் போட்டியிடவில்லை. பின்னாளில் காந்தியின் வழியில் கொண்ட ஈடுபாட்டால் பலமுறை இந்தியா வந்து சென்றார். அவருக்குப் பின் 1943 முதல் அந்தத் தொகுதியின் உறுப்பினராக இருந்தவர் மைக் மேன்ஸ்ஃபீல்டு. பிற்காலத்தில் செனட்டின் பெரும்பான்மைத் தலைவராக நெடுங்காலம் இருந்தவர்.

பிறகு 1990-இன் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வந்தது. பிரதிநிதிகள் சபையின் 435 இடங்களும் பத்தாண்டுக்கு ஒருமுறை மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்படுகின்றன. ஒரு மாநிலம் வேகமாக வளர்ந்தால் இன்னொன்று இழக்க வேண்டும். மொன்டானா, பரப்பில் தமிழ்நாட்டைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. ஆனால் அன்று அங்கே வாழ்ந்தவர்கள் எட்டு லட்சம் பேர். நாடு முழுவதற்குமான சராசரி, ஓர் உறுப்பினருக்கு ஏறத்தாழ 5,72,000 பேர். இரண்டு இடம் கொடுத்தால் ஓர் உறுப்பினருக்கு நாலு லட்சம் பேர் என்று மிகக் குறைகிறது. ஓர் இடம் கொடுத்தால் எட்டு லட்சம் என்று மிக உயர்கிறது. சட்டத்தில் உள்ள கணக்கு முறை ஓர் இடம் என்று தீர்த்தது. மொன்டானா வழக்குத் தொடுத்து, மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வில் வென்றது. 1992 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அந்தத் தீர்ப்பை மாற்றியது: எந்தக் கணக்கு முறை என்பதைத் தீர்மானிக்கும் உரிமை நாடாளுமன்றத்துக்கு உண்டு.

அந்த நவம்பரில், மேற்கின் உறுப்பினர் பாட் வில்லியம்ஸும் கிழக்கின் உறுப்பினர் ரான் மார்லனியும் எஞ்சிய ஒரே இடத்துக்கு எதிரெதிரே நின்றார்கள். குறுகிய வித்தியாசத்தில் வில்லியம்ஸ் வென்றார். இரு தொகுதிகளும் 1993 ஜனவரியில் இல்லாமல் போயின. மலை அங்கேயே இருந்தது, சுரங்கம் இருந்தது, கவுண்டிகள் ஒன்றுகூட அசையவில்லை. மறைந்தது தொகுதி மட்டும்தான். இதை ‘மாவட்டம் ஒழிக்கப்பட்டது’ என்று எழுதினால், ஏதோ நிர்வாகச் சீர்திருத்தம் நடந்ததாக வாசகர் எண்ணுவார்.

தொகுதி என்ற சொல்லின் அருமை இங்கேதான் தெரிகிறது. விடு என்பதிலிருந்து விடுதி, பகு என்பதிலிருந்து பகுதி. அப்படியே தொகு என்பதிலிருந்து தொகுதி. பகுதி பிரிப்பது, தொகுதி திரட்டுவது. தொகு என்பதன் இன்னொரு பிள்ளை தொகை. மக்கள்தொகை என்று சொல்கிறோமே, அதே தொகை. மக்கள்தொகையால் பிறந்து மக்கள்தொகையால் மறையும் ஒன்றுக்குத் தொகுதி என்று பெயரிட, தமிழில் வேரே ஒத்துழைக்கிறது. டிஸ்ட்ரிக்ட் என்ற மூலச்சொல்லுக்கே இந்த நயம் கிடையாது.

ஈழத்து வாசகர் ஒருவர் இங்கே மறுக்கலாம்: ‘தேர்தல் மாவட்டம்’ என்று நாங்கள் எழுதுகிறோமே? ஆம், இலங்கையில் அது சரியான ஆட்சிச்சொல். 1978 அரசியலமைப்பின் விகிதாசார முறையில், யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டம், வன்னித் தேர்தல் மாவட்டம் என்பவை நிர்வாக மாவட்டங்களை அடியாகக் கொண்டவை. மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மூன்றும் சேர்ந்தது வன்னி. அங்கே ஒரே அலகிலிருந்து பல உறுப்பினர்கள் தெரிவாகிறார்கள். அமெரிக்காவில் ஒரு டிஸ்ட்ரிக்டுக்கு ஓர் உறுப்பினர்தான். 1842-ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் கேட்டது, இடையில் தளர்ந்தாலும் 1967 முதல் மீண்டும் கட்டாயம். எனவே இலங்கைச் சொல்லை அமெரிக்காவுக்குப் பெயர்த்து வைக்க முடியாது.

காங்கிரஸ் என்ற முன்னொட்டையும் விட்டுவிடலாம். கூடி வருதல் என்று பொருள்படும் அந்தச் சொல் அமெரிக்காவில் இரு அவைகளையும் சேர்த்துக் குறிக்கும். செனட்டர்களை முழு மாநிலமும் தேர்ந்தெடுக்கிறது. தொகுதி கீழவைக்கு மட்டும். ஆகவே ‘பிரதிநிதிகள் சபைத் தொகுதி’ என்பதே துல்லியம். மாநிலம் முழுதும் ஒன்றாக வாக்களிக்கும் நிலையை ‘முழுமாநிலத் தொகுதி’ எனலாம். இன்னொரு எச்சரிக்கை: ‘முதல் தொகுதி’ என்று தனியே எழுதினால் நூலின் முதல் பாகம் போல ஒலிக்கும். மாநிலப் பெயரோடு சேர்த்து ‘மொன்டானா 1-ஆம் தொகுதி’ என்று எழுதுவது நல்லது.

இரண்டு வினைகளையும் பிரித்துச் சொல்லப் பழக வேண்டும். மாநிலத்துக்கு எத்தனை இடம் என்று தீர்ப்பது இடப்பங்கீடு. கிடைத்த இடங்களுக்கு மாநிலத்துக்குள் எல்லை வரைவது தொகுதி மறுவரையறை. மொன்டானாவின் தொகுதிகளைப் போக்கியது முன்னது. எல்லாவற்றையும் மறுவரையறை என்றே எழுதினால், கோடு வரைந்தவர்கள் மீது பழி விழுகிறது.

இனி, இல்லாமல் போன தொகுதியை என்னவென்று சொல்வது? ‘முன்னாள்’ நம் வழக்கில் பெரும்பாலும் ஆளுக்கு உரியது: முன்னாள் அமைச்சர், முன்னாள் மாணவர். தொகுதிக்கு மக்கள் பேச்சில் ‘பழைய’ என்பதே இயல்பாக வருகிறது. 2008-இன் மறுவரையறைக்குப் பிறகு பழைய சிவகாசித் தொகுதி, பழைய புதுக்கோட்டைத் தொகுதி என்றுதான் நாடாளுமன்றத் தேர்தல் பேச்சுகளில் சொல்கிறோம். கட்டுரை நடையில் ‘நீக்கப்பட்ட தொகுதி’ என்றும் எழுதலாம். ஆனால் மொன்டானாவுக்கு நான் பழைய என்பதையே தேர்ந்தெடுப்பேன். காரணம், 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை பத்து லட்சத்தைத் தாண்டியதும் இரண்டாவது இடம் திரும்பக் கிடைத்தது. 2022 தேர்தலுக்காக ஐவர் குழு புதிய கோடு வரைந்தது. மேற்கு 1, கிழக்கு 2 என அதே எண்கள். எல்லை மட்டும் வேறு. நீக்கப்பட்டது என்று எழுதினால் இன்று இருப்பதை மறுத்ததாகும். புதியது என்று மட்டும் எழுதினால் எழுபத்து நாலு ஆண்டு வரலாறு விடுபடும். 1940-இல் வென்ற ஜெனட் ராங்கினைப் பற்றி எழுதும்போது, ‘மொன்டானாவின் பழைய 1-ஆம் தொகுதி உறுப்பினர்’ என்று எழுதுங்கள்.