துளைத்தூண் கம்பிக்கூடு

மொரீசியசின் தலைநகர் போர்ட் லூயிஸின் கட்டட வேலைத்தளங்களில் பிரெஞ்சுப் பேச்சில் 'பியோ ஃபொரே' என்றும் ஆங்கில வரைபடங்களில் 'போர்டு பைல்' என்றும் வழங்குவது ஒரே பொருள்தான்: கட்டடத்தைத் தாங்க நிலத்துக்குள் ஆழமாக அமைக்கும் அடித்தளத் தூண். பைல் என்பது ஈட்டியைக் குறிக்கும் 'பீலும்' என்ற இலத்தீன் சொல்லிலிருந்தும், பியோ என்பது நட்ட முளையைக் குறிக்கும் 'பாலுஸ்' என்ற இலத்தீன் சொல்லிலிருந்தும் பிறந்தவை. இரண்டுமே குத்தி இறக்குவதைச் சுட்டுவதால், அடித்து இறக்கும் தூணுக்குத் தமிழின் 'முளை' இயல்பாகவே பொருந்துகிறது. மண்ணையும் பாறையையும் குடைந்தெடுத்து, அந்தக் குழிக்குள் கம்பிகளை இறக்கிக் காங்கிரீட் வார்க்கும் வகைக்கு அது பொருந்தாது. அதற்குத் துளைத்தூண் என்பதே தகும்.

உள்ளிருக்கும் கம்பி அமைப்பைப் பிரெஞ்சில் 'ஆர்மாத்யூர்' என்பர். ஆயுதம் பூணுதல் என்ற பொருளுடைய இலத்தீன் வேரிலிருந்து வந்த சொல் அது. தமிழ்ப் பாடநூல்கள் ரீஇன்ஃபோர்ஸ்மென்டை 'வலுவூட்டல்' என்று பெயர்க்கின்றன. பொதுச்சொல்லாக அது சரியே. துளைத்தூணைப் பொறுத்தவரை சற்றுத் திசை திருப்பிவிடும் என்பது என் கருத்து. கட்டடத்தின் எடையைப் பெரும்பாலும் காங்கிரீட்டே சுமந்து மண்ணுக்குக் கடத்துகிறது. புயற்காற்றோ மண் நகர்வோ தூணின் தலையைப் பக்கவாட்டில் தள்ளும்போது எழும் வளைவையும், மேல்நோக்கிய இழுப்பையும் தாங்கவே கம்பி முக்கியமாகத் தேவைப்படுகிறது.

மேலும், இங்கே இரும்பின் அளவுக்கு இணையாக இடைவெளியும் முக்கியம். காங்கிரீட் நீண்ட குழாய் வழியே அடிக்குச் சென்று, கம்பிகளுக்கு இடையே புகுந்து, வெளிப்புறத்தை நிரப்பி மேலேற வேண்டும். அந்த ஆழத்தில் அதிர்வுக் கருவியை இறக்கிக் குத்திவிட வழியில்லை. ஆகவே 'கம்பிக்கூடு' என்பது வேலைக்காரர் வழக்காக மட்டுமின்றி, வடிவமைப்பின் கருத்தையும் சரியாகச் சொல்கிறது.

600 மி.மீ. விட்டமுள்ள தூணை எடுத்துக்கொள்வோம். பரப்பு ஏறத்தாழ 0.283 ச.மீ. இந்த அளவுத் தூணுக்கு ஐரோப்பிய விதி பரப்பில் 0.5 விழுக்காடு நெடுக்குக்கம்பி கேட்பதால் 1,414 ச.மி.மீ. தேவை. 16 மி.மீ. கம்பி ஒன்று 201 ச.மி.மீ.; ஏழு கம்பி மயிரிழையில் போதாது, எட்டு வேண்டும். கூட்டை வெளியே மூடும் 75 மி.மீ. உறைக்காங்கிரீட்டும், நெடுக்குக்கம்பிகளைச் சுற்றிக் கட்டும் 10 மி.மீ. வளையமும் விட்டால், கம்பிகளின் மையங்கள் 414 மி.மீ. விட்ட வட்டத்தில் அமைந்து, அடுத்தடுத்த கம்பிகளுக்கு நடுவே சுமார் 145 மி.மீ. இடம் கிடைக்கும். காங்கிரீட் ஓட அது போதும். வளைவு அதிகமாகிக் கூடுதல் இரும்பு வேண்டியிருந்தால், கம்பிகளை நெருக்குவதைவிட 20 அல்லது 25 மி.மீ. கம்பிக்கு மாறுவதே நல்லது. 'வலுவூட்டல்' என்று மட்டும் நினைப்பவர் கை இங்கேதான் எண்ணிக்கையைக் கூட்டப் போகும்.

கூட்டின் ஆழத்தை எந்தச் சொல்லும் சொல்லிவிடாது. மொரீசியசில் கெட்டியான பசால்ட் பாறையும் அதற்கிடையே சிதைந்த களிமண்ணும் மாறிமாறி வரக்கூடும். சில இடங்களில் எரிமலைக் குழம்பு விட்டுச்சென்ற குகைகளும் உண்டு. மேல்நோக்கிய இழுப்பு வராத தூணில், வளைவு அடங்கும் ஆழத்துக்குச் சற்றுக் கீழே கூட்டை முடிப்பதுண்டு. புயல் கட்டமைப்பைக் கவிழ்க்கப் பார்க்கும்போது இழுப்பைத் தாங்க வேண்டிய தூணிலோ, பிடிமானம் கிடைக்கும் பாறைவரை முழுநீளக் கூடு இறங்கியாக வேண்டும்.