சொல் விளக்கம்: ஊழியம்

"அண்ணாச்சி, மூத்தவன் என்ன பண்ணுதான்?"

"ஊழியத்துல இருக்கான்."

நெல்லைச் சீமையின் கிறிஸ்தவ ஊர்களான நாசரேத்திலோ மெய்ஞ்ஞானபுரத்திலோ இடையன்குடியிலோ இந்தப் பதில் வந்தால், அடுத்த கேள்வி சம்பளத்தைப் பற்றி வராது. "எந்தப் பக்கம்?" என்றுதான் வரும். பையன் பீகாரிலோ ஒடிசாவிலோ ஒரு மலைக்கிராமத்தில் சுவிசேஷம் சொல்லிக்கொண்டிருப்பான் என்பது கேட்டவருக்குத் தெரியும். இதே சொல்லைப் பத்திரிகைச் செய்தியில் பார்த்தால் கதை வேறு: அரசு ஊழியர், வங்கி ஊழியர், ஊழியர் சங்கம், வேலைநிறுத்தம். தெற்கே கிறிஸ்தவ வீடுகளில் புழங்கும் ஊழியத்துக்கு மட்டும் எப்படி இந்தத் தனிப்பொருள் வந்தது?

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம். கிறிஸ்தவ வேதாகமத் தமிழில் வடசொல் நிறைய இருப்பதால் இதையும் வடசொல் என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படியில்லை. கன்னடத்தில் ஊளிக, தெலுங்கில் ஊடிகமு, மலையாளத்தில் ஊழியம் எனத் திராவிட மொழிகளுக்குப் பொதுவான சொல் இது. நிலப்பிரபுத்துவத்தைக் கன்னடக்காரர்கள் இன்றும் 'ஊளிகமான்ய பத்ததி' என்றே சொல்கிறார்கள். மேலானவனுக்குக் கீழானவன் செய்தே தீரவேண்டிய வேலை என்ற பழைய பொருளை அந்தச் சொல் அங்கே அப்படியே காட்டிக்கொடுக்கிறது. விதியைக் குறிக்கும் ஊழோடு இதை முடிச்சுப் போடும் ஆசை பலருக்கு வரும். ஊழுக்கு 'முறை' என்ற பொருளும் உண்டு. மலையாளத்தில் ஊழம் என்றால் முறை, தடவை. முறைவைத்துச் செய்யும் வேலை ஊழியமாயிற்று என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் நான் அதை அழுத்திச் சொல்லமாட்டேன்.

பழைய பொருளைத் தெரிந்துகொள்ள நம் நெல்லைச் சீமைக்காரர் அகராதியைத் தேட வேண்டியதில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டினால் திருவிதாங்கூர். செங்கோட்டையும் 1956 வரை அந்தப் பக்கம்தான். அங்கே ஊழியம் என்பது நாடார் முதலான சாதியார் அரசுக்கும் கோயிலுக்கும் கூலியில்லாமல் செய்ய வேண்டியிருந்த கட்டாய வேலை. கிறிஸ்தவர்களானவர்களை ஞாயிற்றுக்கிழமைகளில் ஊழியத்துக்கு இழுக்கக்கூடாது என்று விலக்குப் பெறவே 1810களில் அங்கே ஆங்கிலேய ரெசிடெண்டாக இருந்த கர்னல் மன்றோ தலையிட வேண்டியிருந்தது. இப்போது யோசித்தால் வேடிக்கையாக இருக்கும்: அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை ஊழியத்துக்குப் போகாதிருக்க மனு, இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமைதான் ஊழியத்துக்கே நாள். கூடப் பிறந்த சொல்லான 'வெட்டி'யும் கூலியில்லாக் கட்டாய வேலையைத்தான் குறித்தது. அது வெட்டிப்பேச்சு, வெட்டிப்பயல் என்று தெருவில் விழுந்துவிட்டது. ஊழியம் கிறிஸ்தவக் கோயில் பீடத்தில் ஏறிக்கொண்டது.

ஏற்றிவிட்டது வேதாகம மொழிபெயர்ப்பு. 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த ஜெர்மன் மிஷனெரி ரேனியஸ் புதிய ஏற்பாட்டைத் திருத்தி வெளியிட்டார். பிறகு மிஷனெரி பவர் தலைமையில் நடந்த திருத்தம் 1871இல் முழு வேதாகமமாக வந்தது. நம் ஊர்க் கோயில்களில் இன்றும் வாசிப்பது அந்த வழியில் வந்த பாடத்தைத்தான். அதில் மத்தேயு 20:27: "உங்களில் எவனாகிலும் முதன்மையானவனாயிருக்க விரும்பினால், அவன் உங்களுக்கு ஊழியக்காரனாயிருக்கக்கடவன்." கிரேக்க மூலத்தில் இங்கே இருப்பது 'தூலொஸ்', அதாவது அடிமை. ரோமர் நிருபத்தின் முதல் வரியில் பவுல் தன்னை இயேசுகிறிஸ்துவின் ஊழியக்காரன் என்று சொல்லும் இடத்திலும் அதே தூலொஸ்தான். கட்டாய வேலையின் கசப்பு ஊரார் நாக்கில் இருந்த காலத்தில், பனையேறிகள் நிறைந்த சபையில் இதை வாசித்தபோது எப்படிக் காதில் விழுந்திருக்கும்! முதல்வனாக வேண்டுமா, நீ ஓடிவந்த அந்த வேலையைப் போய் உன் சகோதரனுக்குச் செய் என்று விழுந்திருக்கும். இன்று வாசிக்கும் நமக்கு அந்த அடி படுவதேயில்லை.

மொழிபெயர்ப்பில் இன்னொன்றும் நடந்தது. எனக்கு இதுதான் முக்கியமாகத் தோன்றுகிறது. அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரத்தில் விதவைகளுக்கு அன்றாடச் சாப்பாடு சரியாகப் போகவில்லை என்று முறுமுறுப்பு வருகிறது. அப்போஸ்தலர்கள் பந்திவிசாரணைக்கு ஏழு பேரை நியமித்துவிட்டு, தாங்கள் "தேவவசனத்தைப் போதிக்கிற ஊழியத்திலும்" தரித்திருப்போம் என்கிறார்கள். கிரேக்கத்தில் சோறு பரிமாறுவதும் 'தியாக்கோனியா', வசனம் போதிப்பதும் 'தியாக்கோனியா'. தமிழில் முன்னது விசாரணையாயிற்று, பின்னது ஊழியமாயிற்று. பந்தியை 'விசாரிப்பது' நம் கல்யாண வீடுகளில் இன்றும் உள்ள அழகான சொல்தான். குற்றம் சொல்ல முடியாது. ஆனால் ஒன்றாயிருந்தது இரண்டாகிவிட்டது.

விளைவைப் பார்க்க, சபையார் கூடிச் சாப்பிடும் ஓர் அசனப் பண்டிகைக்குப் போனால் போதும். முந்தின நாள் ராத்திரியே கோயில் வளாகத்தில் ஆண்கள் வட்டமாக உட்கார்ந்து வெங்காயமும் கத்தரிக்காயும் நறுக்குவார்கள். விடியும்போது சோறு பாயில் மலையாகக் கொட்டிக் கிடக்கும். சாம்பார் வாளியைத் தூக்கி வரிசை வரிசையாக ஓடுகிறவருக்குச் சட்டை முதுகோடு ஒட்டியிருக்கும். சாப்பிட உட்காரும்போது மூன்று மணி ஆகியிருக்கும், கறி தீர்ந்திருக்கும். அவரை யாரும் ஊழியக்காரர் என்பதில்லை. மேடையில் மைக் பிடித்தவரே ஊழியக்காரர், அவருக்கு முதல் பந்தியில் இலை. மூலச் சொல்லின்படி பார்த்தால் வாளிக்காரருக்குத்தான் அந்தப் பெயரில் மூத்த உரிமை.

நெல்லைச் சீமையின் வரலாற்றில் இந்த இரண்டையும் பிரிக்காமல் வாழ்ந்தவர்கள் இருக்கிறார்கள். ஏமி கார்மைக்கேல் சுவிசேஷம் சொல்ல வந்தவர். 1901 முதல் 1951இல் இறக்கும்வரை டோனாவூரில் கோயிலுக்குத் தேவதாசிகளாகப் பொட்டுக்கட்டவிருந்த குழந்தைகளை எடுத்து வளர்த்தார். பால் காய்ச்சுவதும் துணி அலசுவதும் ஊழியமா என்று முகம் சுளித்தவர்கள் அன்றும் உண்டு. பாளையங்கோட்டையில் 1903இல் தொடங்கிய இந்திய மிஷனெரி சங்கம் தெலுங்கு நாட்டு டோர்னக்கல்லுக்கு ஆள் அனுப்பியபோது, சொந்த ஊர்க் காணிக்கையை நம்பித்தான் இறங்கியது. உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியைக் காணிக்கைக்கென்று எடுத்துத் தனிப்பானையில் போட்டுவைக்கும் பிடியரிசிப் பழக்கம் நம் வீடுகளில் இருந்தது. அப்படி அரிசி எடுத்துவைத்த ஆச்சிமார் தங்களை ஊழியக்காரிகள் என்று ஒருநாளும் சொல்லிக்கொண்டதில்லை.

இதற்கு நல்ல தமிழ் என்ன என்று கேட்பவர்களுக்கு: ஊழியமே தமிழ்தான். சேவை வடசொல். தொண்டு சைவ, வைணவ மரபில் செழித்த சொல், கத்தோலிக்கர்களின் வேதாகம நடையிலும் இடம்பிடித்தது. ஆனால் இப்போது தொண்டர் என்றதும் கட்சிக்கொடி கண்ணில் ஆடுகிறது. பணி நல்ல சொல், "என் கடன் பணி செய்து கிடப்பதே" என்ற அப்பரின் பலம் அதற்கு உண்டு. ஆனால் பணியாளர் என்றவுடன் அது அலுவலகத்துக்குப் போய்விடுகிறது. அருட்பணி என்று அடைமொழி சேர்த்தால் குருவானவருக்கு மட்டும் பொருந்துகிறது.

பொருளில் மிக நெருங்கியது, வழக்கொழிந்த 'தொழும்பு'. தொழு என்ற வேரிலிருந்து தொழுகையும் வரும், அடிமைப்பணியான தொழும்பும் வரும். எபிரேயத்தில் எகிப்தில் செங்கல் அறுத்த அடிமைவேலைக்கும் கர்த்தருக்குச் செய்யும் ஆராதனைக்கும் ஒரே வேர்ச்சொல். வீட்டு நிலைக்கு மேலே நாம் எழுதிவைக்கும் "நானும் என் வீட்டாருமோவென்றால், கர்த்தரையே சேவிப்போம்" என்பதிலும் அதே வேர்தான். அதற்கு இணையான சொல்லைத் தமிழ் வைத்திருந்தும் நாம் எடுத்துக்கொள்ளவில்லை. இனி தூசி தட்டி எடுத்து "தொழும்பர் வருகிறார்" என்று நோட்டீஸ் அடித்தால் யாருக்கும் புரியாது. ஊழியம் இருக்கட்டும், வாளி தூக்குகிறவருக்கும் அந்தப் பெயரைச் சேர்த்துக் கொடுத்தால் போதும்.

எழுத்தைப் பற்றி ஒரு சொல். நம் பக்கம் வாழைப்பழம் 'வாளப்பளம்' ஆவதுபோல இதுவும் பேச்சில் 'ஊளியம்' ஆகும். அது நெல்லை நாக்கு, திருத்த வேண்டாம். கன்வென்ஷன் என்னும் சுவிசேஷக் கூட்டத்தின் பேனரில் மட்டும் ழகரம் போட்டு எழுதுங்கள். ளகரத்தோடு தொங்கினால் வாசிக்கிற வேற்றூர்க்காரருக்கு நரிதான் ஞாபகம் வரும்.