பேஸை அசைக்கும் கேட்காத அலை

“ஸெட்ஸ் டெட் இசையில் வரும் அந்த ‘வவ் வவ்’ சத்தம் குரலா, கருவியா?” என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார்.

ஸெட்ஸ் டெட் என்பது கனடாவின் டொரான்டோவைச் சேர்ந்த இருவர். மேடைப் பெயர்கள் டிசி, ஹூக்ஸ். முதலில் மாஸ் புரொடக்‌ஷன்ஸ் என்ற பெயரில் ஹிப்ஹாப் செய்தார்கள். 2009இல் பெயரை மாற்றிக்கொண்டு, தெற்கு லண்டனில் பிறந்த டப்ஸ்டெப் பக்கம் வந்தார்கள். பேஸ் எனப்படும் தாழ்ந்த சுர ஒலி தூக்கலாக வரும் மின்னணு இசை அது. டேனிஷ் குழுவான ப்ளூ ஃபவுண்டேஷனின் பாடலுக்கு அவர்கள் செய்த ரீமிக்ஸ் யூடியூபில் பரவியது. 2016இல் முதல் ஆல்பம், டெட்பீட்ஸ் என்ற சொந்த லேபிள் என்று வளர்ந்தார்கள்.

சரி, அந்தச் சத்தத்துக்கு வருவோம். ஒரே சுருதியில், மூச்சு விடாமல் “ஊ… ஆ… ஊ… ஆ…” என்று இழுத்துப் பாருங்கள். தொண்டை எழுப்பும் ஒலி மாறவே இல்லை. உதடு குவியும்போது மேற்சுரங்கள் (அடிச்சுரத்தோடு சேர்ந்து ஒலிக்கும் உயர்ந்த சுரங்கள்) அடங்குகின்றன, விரியும்போது வெளியே வருகின்றன. ‘வவ் வவ்’ செய்வதும் இதைத்தான்; ஆனால் அது குரல் இல்லை, கருவி.

மின்சுற்றால் ஒலி எழுப்பும் கருவியான சிந்தசைசர், 50 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 50 அதிர்வு) ரம்பத்தின் பல் போன்ற வடிவில் ஒரு அலையை எழுப்புகிறது என்று வையுங்கள். அதற்குள் 100, 150, 200 என்று மேற்சுரங்கள் வரிசையாக இருக்கும். குறிப்பிட்ட எல்லைக்கு மேல் உள்ளதை அடக்கும் ஃபில்டர்தான் இங்கே வாய். எல்லையைத் தாழ்த்தினால் மந்தமான உறுமல், உயர்த்தினால் கரகரப்பு.

அந்த எல்லையை மாற்றும் குமிழைத் திருகுவது யார்? இன்னொரு அலை! மிக மெதுவாக அசையும் இதை எல்எஃப்ஓ என்பார்கள். டப்ஸ்டெப்பின் வேகம் நிமிடத்துக்குச் சுமார் 140 தட்டு. ஒரு தட்டுக்கு இரண்டு அசைவு என்றால் நொடிக்கு 4.7 முறை. நம் காது 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே கேட்காது. ஆக, கேட்கவே முடியாத ஓர் அலை, கேட்கும் அலையின் வாயைத் திறந்து மூடுகிறது. தட்டுக்கு மூன்று, நான்கு என்று அதன் வேகத்தை மாற்றினால் பேஸ் பேசுவதுபோலவே இருக்கும். எனக்கு இதில் அலுப்பே வருவதில்லை.

ஒரு மின்னழுத்தம் இன்னொரு சுற்றின் குமிழைத் திருகும் இந்த யோசனையை 1964இல் சிந்தசைசருக்குள் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்கப் பொறியாளர் ராபர்ட் மூக். காது கேட்கும் கருவிகளிலும் ஃபில்டர்கள்தான் வேலை செய்கின்றன. ஒலியியலைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்காமல் ஆய்வுக்குப் பணம் தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அப்புறம், இதைப் போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். அதிலிருந்து 50 ஹெர்ட்ஸ் சரியாக வராது. நல்ல ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஒரு தட்டுக்கு எத்தனை ‘வவ்’ என்று எண்ணிப் பாருங்கள்.