பட்டியலில் இல்லாத தேளுக்கு ஆபத்தே இல்லையா?

"சிவப்புப் பட்டியலில் இந்தத் தேளின் பெயரே இல்லை, ஆகவே அச்சுறுத்தல் இல்லை." உயிரினங்கள் அழியும் ஆபத்தை மதிப்பிட்டு வகைப்படுத்தும் உலகப் பட்டியல் அது. திட்ட அறிக்கைகளில் இந்த வரியை எத்தனை முறைதான் அடித்துத் திருத்துவது? உலகின் 2,500-க்கும் மேற்பட்ட தேளினங்களில் மிகப் பெரும்பாலானவற்றை இன்னும் யாரும் மதிப்பிடவே இல்லை. 'மதிப்பிடப்படாதது' என்றால் அந்த வேலை தொடங்கவே இல்லை. 'தரவு போதாதது' என்றால் பார்த்தார்கள், முடிவுக்கு வர முடியவில்லை. ஆய்ந்து பார்த்துச் சொன்ன ஆறுதல் 'குறைந்த அச்சுறுத்தல்' மட்டும்தான். முதல் இரண்டையும் அதோடு சேர்த்துக் குழப்பாதீர்கள்.

மெக்சிகோவின் ஓஹாகா மாநிலத்து ஊவாட்லா குகைத் தொகுதியில் 720 முதல் 916 மீட்டர் ஆழத்தில் கண்டெடுத்து, 1982-இல் விவரிக்கப்பட்ட குகைத் தேளினம் அலக்ரான் டார்டரஸ். கண்கள் அறவே இல்லை. கால்கள் மெலிந்து நீண்டவை. அவ்வளவு ஆழத்தில் அதற்கு யாரால் என்ன கெடுதல் என்று கேட்பார்கள். சுண்ணக்கல் நிலத்தில் மழைநீர் மண்ணில் வடியாமல் குழிகள் வழியே நேராக உள்ளே இறங்கும். மேலே காட்டை வெட்டினால் வண்டலும், கழிவைக் கொட்டினால் நஞ்சும் அதே வழியில்தான் போகும். தேளின் இரைக்கு உணவாகும் சருகும் அந்த நீரில்தான் வருகிறது.

ஒரே குகையில் இருப்பதாலேயே ஒரு தேள், அச்சுறுத்தல் வகைகளில் மிகக் கடுமையான 'மிக அருகியது' ஆகிவிடாது. பரப்பை வைத்து மதிப்பிடும்போது, இனம் பரவியிருக்கும் மொத்த எல்லை 100 சதுர கி.மீ.க்குள், அல்லது அதில் உண்மையில் வாழும் பரப்பு 10 சதுர கி.மீ.க்குள் இருக்க வேண்டும்; கூடவே ஒரே இடத்தில் மட்டும் இருப்பது அல்லது கடுமையாகத் துண்டுபட்டிருப்பது, தொடர் சரிவு, கடும் ஏற்ற இறக்கம் ஆகிய மூன்றில் இரண்டையாவது காட்ட வேண்டும். சரிவு என்பது எண்ணிக்கையில் மட்டுமல்ல, வாழிடத்தின் தரத்திலும் இருக்கலாம். பாறை இடுக்கில் பதுங்கும் தேளை எண்ணி முடியாது. ஆகவே நீரின் தரம், வண்டல், மேலுள்ள காட்டின் பரப்பு ஆகியவற்றை ஆண்டுதோறும் பதியுங்கள். அதுதான் சான்று.

குகைக்குள் ஆய்வுக்குப் போனால், கொல்திரவம் ஊற்றிய குழிப்பொறியை (உயிரிகள் தவறி விழும்படி தரையில் புதைக்கும் கிண்ணம்) வைத்துவிட்டு வெளியேறாதீர்கள். வெள்ளம் வந்து வழி அடைபட்டால் அது மாதக்கணக்கில் கொன்றுகொண்டே இருக்கும். மரபணு ஆய்வுக்கு முழுத் தேள் வேண்டாம்; அளவுகோல் வைத்துப் படம் எடுத்தபின் ஒரு காலின் நுனி, 95% எத்தனாலில், போதும். உரித்த தோலையும் செத்த உடலையும் விட்டுவிடாதீர்கள்: இஸ்ரேலின் அயலோன் குகையிலிருந்து 2007-இல் விவரிக்கப்பட்ட அக்ராவ் தேள், செத்த உடல்களை மட்டும் வைத்தே அறியப்பட்டது. புரட்டிய கல்லை இருந்தபடியே திருப்பி வையுங்கள். உங்கள் கழிவை உங்களோடு மேலே கொண்டுவாருங்கள். தேள் கிடைத்த இடத்தின் துல்லிய ஆயத்தொலைவுகளைப் படத்தோடு பொதுவெளியில் போடாதீர்கள், தயவுசெய்து; விற்பனைக்குப் பிடிப்பவர்களும் அதைப் படிக்கிறார்கள்.