பன்னிரண்டு வோல்ட் என்று எழுதியிருந்தாலும்

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. எங்கள் பக்கம் பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. மூன்று வெள்ளை எல்.இ.டி.களைத் தொடராக இணைத்து, 120 ஓம் மின்தடை ஒன்றைச் சேர்த்து, டிராக்டர் பேட்டரியில் ஒரு விளக்கு செய்தேன். அத்தனை இரவுகளும் அது பழுதின்றி எரிந்தது. மின்சாரம் திரும்பிய பிறகு, 12 வோல்ட் என்று அச்சிட்ட பழைய அடாப்டரில் அதையே மாட்டினேன். சில நாட்களில் வெளிச்சம் மங்கியது. பிறகு மூன்றும் ஒரே நேரத்தில் அணைந்தன. உருப்பெருக்கியில் பார்த்தபோது, ஒரு எல்.இ.டி.யின் மஞ்சள் பூச்சு நடுவில் கருகியிருந்தது.

எல்.இ.டி. ஏரிக் கலிங்கைப் போன்றது. நீர்மட்டம் கலிங்கின் விளிம்பைத் தொடும்வரை சொட்டுத் தண்ணீர்கூட வெளியேறாது. தொட்டபின் விரற்கடை உயர்ந்தாலும் பாய்ச்சல் பெருகிவிடும். எல்.இ.டி.யில் இந்தப் பெருக்கம் இன்னும் கடுமையானது. வெள்ளை எல்.இ.டி.க்கு அந்த விளிம்பு சுமார் 3 வோல்ட். 3.2 வோல்ட்டில் 20 மில்லி ஆம்பியர் ஓடினால், மேலும் 0.3 வோல்ட் கூடும்போது மின்னோட்டம் இரட்டிப்பாகிவிடக் கூடும். சூடேறினால் விளிம்பே தாழ்ந்து இன்னும் அதிகம் பாயும். ஆகவே எல்.இ.டி.க்கு அளந்து கொடுக்க வேண்டியது மின்னோட்டத்தைத்தான்.

அடாப்டரை மல்டிமீட்டரில் அளந்தேன்: விளக்கு எரியும்போதே 16.8 வோல்ட்! இது அடாப்டரின் பழுதல்ல. டிரான்ஸ்பார்மர் தரும் 12 வோல்ட் என்பது மாறுமின்னோட்டத்தின் பயனுறு மதிப்பு, அதாவது ஒரு வகைச் சராசரி; அலையின் உச்சி 17 வோல்ட். அதை ஒரே திசையில் ஓடவைக்கும் டையோடுகளில் ஏறத்தாழ 1.4 வோல்ட் போனாலும், அடுத்துள்ள மின்தேக்கி அந்த உச்சியைத்தான் பிடித்து வைத்துக்கொள்கிறது. 12 என்ற அச்சு அடாப்டரின் முழுச் சுமைக்கு உரியது. 500 மில்லி ஆம்பியர் தாங்கும் அடாப்டருக்கு இந்தச் சிறு விளக்கு ஒரு சுமையே இல்லை; அதனால் அழுத்தம் இன்னும் மேலே நிற்கும். ஊர் மின்னழுத்தமும் ஏறியிருந்தால், அது அப்படியே இங்கேயும் ஏறும்.

பேட்டரியில் 12.6 வோல்ட். மூன்று எல்.இ.டி.களுக்கு, தலா 3.2 வீதம், 9.6 போக மிச்சம் 3; அதை 120 ஓமால் வகுத்தால் 25 மில்லி ஆம்பியர். அடாப்டரிலோ மிச்சம் இரண்டு மடங்குக்கும் மேல். எல்.இ.டி.களின் அழுத்தம் சற்று உயர்வதைக் கழித்தாலும் 50 மில்லி ஆம்பியருக்குக் குறையாது. கருகியதில் வியப்பென்ன?

நிலையில்லாத மின்வழங்கிக்கு நான் நம்புவது எல்.எம்.317 என்ற மூன்று கால் சில்லை. அதன் வெளியீட்டுக் காலுக்கும் சரிசெய்யும் காலுக்கும் நடுவே 62 ஓம் வைத்து, சரிசெய்யும் காலிலிருந்து எல்.இ.டி.களுக்குக் கொடுக்க வேண்டும். அந்த மின்தடையின் இரு முனைகளுக்கிடையே சில்லு எப்போதும் 1.25 வோல்ட்டையே நிறுத்துவதால் 20 மில்லி ஆம்பியர்தான் ஓடும். ஆனால் எல்.இ.டி.களின் தேவைக்கு மேல் சுமார் 3 வோல்ட் அதற்கு உபரியாக வேண்டும். அதனால் பேட்டரியில் இரண்டு எல்.இ.டி.களோடு நிறுத்திக்கொள்வது நல்லது. 350 மில்லி ஆம்பியர் இழுக்கும் பெரிய எல்.இ.டி. என்றால், மின்தடையையும் அதற்கேற்ப மாற்றி, சில்லின் முதுகில் அலுமினியத் தகடு பொருத்த வேண்டும். அந்த முதுகு வெளியீட்டுக் காலோடு இணைந்தது. வேறெதன்மீதும் படக் கூடாது.

பேட்டரியின் நேர்முனைக்குப் பக்கத்திலேயே 1 ஆம்பியர் பியூஸ் போடுங்கள். கம்பிகள் உரசிக்கொண்டால் டிராக்டர் பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டித் தீ மூட்டிவிடும். டிரான்ஸ்பார்மர் இல்லாமல், மின்தேக்கி ஒன்றை மட்டும் வைத்து 230 வோல்ட்டிலிருந்து நேரடியாக எரியவிடும் சுற்று மலிவு என்பார்கள். தயவுசெய்து அதை வீட்டில் செய்யாதீர்கள். அதன் ஒவ்வொரு கம்பியும் மின்கம்பத்தோடு நேரடித் தொடர்பில் இருக்கிறது. மோட்டார் கொட்டகையில், ஈரக் காலோடு நிற்பவர் அதைத் தொட்டால் உயிர் போய்விடும்.

எல்.எம்.317 வைத்துச் செய்த புதிய விளக்கை அதே அடாப்டரில் மாட்டி அளந்தேன். சுற்றிலும் பம்ப்செட்டுகள் ஓடியபோது அடாப்டரில் 14.9 வோல்ட், அவை நின்றபின் 16.8. இரண்டு வேளையும் எல்.இ.டி.களில் ஓடியது 20 மில்லி ஆம்பியர்.