ஆற்றல்: ஒரு கலைச்சொல்லின் வரலாறும் வரம்பும்

இயற்பியலில் ஆற்றல் எனப்படுவது வேலை செய்வதற்கான இயலளவு. பள்ளியில் படித்த எவரும் இதை ஒப்பித்துவிடுவார். ஆனால் இந்த வரையறைக்குள் இருக்கும் ‘வேலை’ என்பதும் ஒரு கலைச்சொல்லே: ஒரு நியூட்டன் விசை ஒரு பொருளைத் தன் திசையில் ஒரு மீட்டர் தூரம் நகர்த்தினால் நடந்த வேலை ஒரு ஜூல். ஆற்றலுக்கும் அதே அலகுதான். ஒரு நொடிக்கு ஒரு ஜூல் என்ற வீதத்தில் வேலை நடந்தால், அந்த வீதம் ஒரு வாட். அதற்குத் திறன் என்று பெயர். ஆகவே கிலோவாட் என்பது திறன், கிலோவாட்-மணி என்பது ஆற்றல், அதாவது 36 லட்சம் ஜூல். ‘இக்கருவி மணிக்கு ஐந்து கிலோவாட் ஆற்றலைச் செலவழிக்கிறது’ என்றொரு வரி ஆய்வுக்கட்டுரையில் அச்சேறியிருக்குமானால், அதை எழுதியவர் மட்டுமல்லர், மதிப்பாய்வு செய்ததாகச் சொல்லப்படுபவரும் அலகைப் பார்க்கவில்லை என்று கொள்ளலாம்.

எனர்ஜி என்னும் சொல்லின் மூலம் கிரேக்க மொழியின் ‘எனெர்கெயா’. ‘எர்கோன்’ என்றால் செயல், வேலை. ‘என்’ என்பது உள் என்னும் பொருள் தரும் முன்னொட்டு. எனவே எனெர்கெயா என்பது செயலில் இருக்கும் நிலை. அரிஸ்டாட்டில் இதற்கு இணையாக ‘டூனமிஸ்’ என்னும் மற்றொரு சொல்லை வைத்தார். அது இன்னும் செயலாகாமல் உள்ளுறைந்து கிடக்கும் இயலுமையைக் குறித்தது. இன்று நாம் ஆற்றல் என்று வரையறுப்பது ஒருவகையில் அவருடைய டூனமிஸுக்கே நெருக்கமானது. அந்தச் சொல்லின் வேரோ விசையின் பழைய அலகான டைனுக்குப் போய்விட்டது. எர்கோன் என்பதிலிருந்து வந்த எர்க் ஆற்றலின் பழைய அலகாயிற்று; ஒரு கோடி எர்க் சேர்ந்தால் ஒரு ஜூல். நிலையாற்றலைக் குறிக்கும் ‘பொட்டென்ஷியல் எனர்ஜி’ என்ற தொடரை அரிஸ்டாட்டில் பார்த்திருந்தால், உள்ளுறைந்த இயலுமையைக் குறிக்கும் முன்னதும் செயல்நிலையைக் குறிக்கும் பின்னதும் முரண்படுகின்றன என்று சொல்லியிருப்பார்.

இயற்பியலுக்குள் இச்சொல் வந்த பாதையும் நேரானதன்று. நிறையையும் வேகத்தின் இருமடியையும் பெருக்கி வரும் அளவை லைப்னிட்ஸ் 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் ‘உயிருள்ள விசை’ என்று அழைத்தார். தாமஸ் யங் 1807இல் அச்சான தம் சொற்பொழிவுகளில் அதே அளவுக்கு எனர்ஜி என்ற பெயரைப் பயன்படுத்தினார். அதில் பாதியை எடுத்துக்கொண்டால்தான் செய்யப்பட்ட வேலையோடு கணக்கு நேராகும் என்பது 1829இல் கொரியோலிஸ் எழுதிய நூலுக்குப் பிறகு நிலைபெற்றது. 1847இல் ஆற்றல் அழிவின்மை பற்றி எழுதிய ஹெல்ம்ஹோல்ட்ஸ்கூடத் தம் தலைப்பில் விசையைக் குறிக்கும் ‘கிராஃப்ட்’ என்ற ஜெர்மன் சொல்லைத்தான் வைத்தார். விசை அழியாது என்று எவரும் இன்று சொல்வதில்லை, அழியாதது ஆற்றல். அன்றைய அறிஞர்கள் அந்தக் கருத்தைச் சரியாகவே பிடித்திருந்தார்கள், அதற்குத் தனிப்பெயர்தான் இன்னும் உறுதிப்படவில்லை. 1853இல் ராங்கின் நிலையாற்றலுக்கு இப்போதுள்ள பெயரைச் சூட்டினார். இயக்க ஆற்றல் என்னும் வழக்கு அதற்குப் பின்னர், வில்லியம் தாம்சன் போன்றோரின் எழுத்துகளில் பரவியது.

தமிழில் ‘ஆற்று’ என்னும் வினைக்குச் செய், நடத்து, பொறு, தணி எனப் பல பொருள்கள் உண்டு. பணியாற்றுதல், உரையாற்றுதல் என்பவற்றில் செய்தல்; பாலை ஆற்றுவதில் தணித்தல். ‘ஆற்றுவார் ஆற்றல் பசிஆற்றல்’ என்று தொடங்கும் 225ஆம் குறளில், முதலில் வரும் ஆற்றல் வலிமையையும் அடுத்தது பொறுத்துக்கொள்வதையும் குறிக்கின்றன. செயலைக் குறிக்கும் வேரிலிருந்து வலிமையைக் குறிக்கும் பெயர் பிறந்திருப்பதால், எர்கோன் வழிவந்த சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான இணை கிடைப்பது அரிது. ‘சக்தி’ என்பதும் இயலுதலைக் குறிக்கும் வடமொழி வேரிலிருந்து வந்ததுதான். இலங்கைப் பாடநூல்கள் ஆற்றலைச் சக்தி என்றும், திறனை வலு என்றும் வழங்குகின்றன. அதில் பிழை எதுவுமில்லை, ஏனெனில் அந்த முறைக்குள் ஒவ்வோர் அளவுக்கும் ஒரே பெயர்தான். இரண்டு முறைகளையும் ஒரே கட்டுரையில் கலக்கும்போதுதான் தொல்லை: தமிழ்நாட்டுப் பாடநூலில் பொருளின் நிறை கிலோகிராமில் அளக்கப்படும், அங்கே எடை வேறு, இலங்கையில் அந்த அளவு திணிவு, நிறை என்பதோ நியூட்டனில் அளக்கப்படும் எடை. நிறை என்ற ஒரு சொல் எல்லை தாண்டியதும் வேறோர் அளவாகிவிடுகிறது.

பொது வழக்கில் ஆற்றலுக்குப் பதில் வலிமை என்றோ, துடிப்பு என்றோ, உயிர்ப்பு என்றோ எழுதலாம். நடை அழகாகக்கூட இருக்கும். கலைச்சொல்லாக வரும் இடத்தில் அதற்கு ஒத்த சொல் கிடையாது. தரமற்ற ஆய்வு வெளியீடுகள் தம்மைக் காட்டிக்கொடுப்பது பல வேளைகளில் இந்த இடத்தில்தான். பிறர் கட்டுரையைத் திருடுபவர், திருட்டைக் கண்டுபிடிக்கும் மென்பொருளுக்குத் தப்ப, சொற்களை மாற்றியெழுதும் கருவியில் அதைப் போட்டு எடுக்கிறார். அக்கருவி ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதியிலிருந்து ஒரு மாற்றைப் பொறுக்கி வைக்கிறது. கியோம் கபனாக், சிரில் லபே, அலெக்சாந்தர் மகசினோவ் ஆகிய ஆய்வாளர்கள் மூவரும் 2021இல் இத்தகைய விபரீதத் தொடர்களைத் தொகுத்து வெளியிட்டனர். கம்பியில்லா உணரி வலையமைப்புகளில் மின்கலத்தில் எஞ்சியிருக்கும் ஆற்றலைக் குறிக்கும் தொடர் அவற்றில் ‘லெஃப்ட்ஓவர் வைட்டாலிட்டி’ ஆகிவிட்டது. தமிழில் சொன்னால், மீந்துபோன உயிர்த்துடிப்பு. குறிகைக்கும் (சிக்னலுக்கும்) இரைச்சலுக்குமான விகிதம், கொடிக்கும் கூச்சலுக்குமான விகிதமாயிற்று. செயற்கை நுண்ணறிவு கள்ள உணர்வுநிலையாக மாறியது. அத்துறையில் ஒரு பருவம் படித்த மாணவரும் முதல் பார்வையிலேயே நின்றுவிடும் இடங்கள் இவை. இருந்தும் அவை மதிப்பாய்வைக் கடந்து, பெயர்பெற்ற பதிப்பகங்களின் இதழ்களிலும் வந்தன.

பணம் வாங்கிக்கொண்டு மதிப்பாய்வின்றி வெளியிடும் இதழ்களுக்கு ‘ப்ரிடேட்டரி ஜர்னல்’ என்ற பெயரை 2010 வாக்கில் வழங்கியவர் ஜெஃப்ரி பீல் என்னும் அமெரிக்க நூலகர். இதை வேட்டை இதழ் என்று மொழிபெயர்ப்போர் உண்டு. ஆனால் அங்கே கட்டுரையாளர் எப்போதும் இரையாவதில்லை. பதவி உயர்வுக்கு எண்ணிக்கை தேவைப்படுவதால் தெரிந்தே கட்டணம் செலுத்துவோரும் பலர். ஆதலால் போலி ஆய்விதழ் என்பதே நேர்மையான பெயர் என்று கருதுகிறேன். 2013இல் ஜான் போஹானன் என்னும் அறிவியல் இதழாளர் வெளிப்படையான பிழைகள் நிறைந்த ஒரு பொய்க் கட்டுரையின் பல வடிவங்களைத் யாரும் கட்டணமின்றிப் படிக்கக்கூடிய திறந்த அணுக்க இதழ்கள் 304க்கு அனுப்பியபோது, 157 இதழ்கள் அதை ஏற்றுக்கொண்டன.

தமிழில் எழுதுவோருக்கு இதிலிருந்து எழும் வேலை மிகச் சிறியது. ஆற்றல், விசை, திறன், உந்தம் (மொமெண்டம்) ஆகிய நான்கையும் ஒரு கட்டுரையின் தொடக்கத்தில் அலகோடு ஒருமுறை குறித்துவிட்டு, கடைசிப் பக்கம் வரை அதே சொற்களை எழுத வேண்டும். ஒரே பத்தியில் ஆற்றல் ஐந்துமுறை வந்தால், நடை கருதி மூன்றாவது இடத்தில் சக்தி என்று மாற்றக்கூடாது. இயந்திர மொழிபெயர்ப்பில் ‘பவர்’ என்பது சில இடங்களில் சக்தி என்றும் சில இடங்களில் அதிகாரம் என்றும் வருவதுண்டு. பக்கத்தில் வாட் என்று எழுதியிருந்தால், அங்கே இருக்க வேண்டிய சொல் திறன்.